நிக்கான் 80-200 எஃப்/2.8 டி: மேடை வெளிச்சத்தில் ஒரு பழைய டெலி ஜூம்

நிக்கானின் ஏஎஃப் 80-200 மிமீ எஃப்/2.8 டி இடி என்னும், தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் ஜூம் லென்ஸை ஆறு ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ஜூமுக்கு ஒரு வளையம், ஃபோகஸுக்கு ஒரு வளையம், அடியில் டிரைபாட் காலர் (முக்காலியில் பொருத்தும் பட்டை) என்று அமைந்த, 1997 வாக்கில் சந்தைக்கு வந்த வடிவம் என்னிடம் உள்ளது. என் வேலையில் பெரும்பகுதி பரதநாட்டிய அரங்கேற்றங்களும் மார்கழி மாத சபா நிகழ்ச்சிகளும்தான். எஞ்சிய நாட்களில் பள்ளி விளையாட்டு விழாக்கள், திருமணங்கள், பறவைக் காலத்தில் ஓரிரு முறை வேடந்தாங்கல். இந்த லென்ஸை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாத கேள்வி அது. இந்த லென்ஸின் தகுதியில் பாதி, அதை எந்தக் கேமராவில் மாட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு, உங்கள் கைக்கு வரும் அந்த உருப்படி இத்தனை ஆண்டுகள் யார் வீட்டு அலமாரியில், எந்த ஈரத்தில் இருந்தது என்பதில் இருக்கிறது.

முதலில் எந்த 80-200 என்பதில் தெளிவு வேண்டும், ஏனெனில் பழைய கேமரா விற்பவர்கள் எல்லாவற்றையும் 'எண்பது இருநூறு' என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். 1982-இல் வந்தது கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ். ஏறத்தாழ 1.9 கிலோ எடையும் 95 மிமீ ஃபில்டர் வாயும் கொண்ட அது இன்று சேகரிப்பாளர்களுக்கு உரியது. 1980-களின் இறுதியில் முதல் ஆட்டோ ஃபோகஸ் வடிவமும், 1992-இல் ஃபோகஸ் தொலைவைக் கேமராவுக்குச் சொல்லும் அதன் டி வடிவமும் வந்தன. இவ்விரண்டிலும் ஒரே அகன்ற வளையத்தைச் சுழற்றினால் ஃபோகஸ், முன்னும் பின்னும் இழுத்தால் ஜூம். இவற்றில் டிரைபாட் காலர் கிடையாது. என்னிடம் உள்ள இரட்டை வளைய வடிவம் அதன் பிறகு வந்தது. அதற்கு அடுத்து, லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வைத்த ஏஎஃப்-எஸ் 80-200 வந்தது. 2003-இல் நடுக்கம் தணிக்கும் விஆர் வசதியுடன் 70-200 வந்த பிறகும் இரட்டை வளைய வடிவம் பட்டியலிலிருந்து நீங்காமல் 2010-களிலும் புதிதாகவே விற்கப்பட்டது. ஆகவே சந்தையில் கிடைக்கும் ஒரு உருப்படிக்கு வயது இருபத்தைந்தாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். விற்பவர் சொல்லும் வயதை நம்புவதை விட, கேமராவோடு லென்ஸ் பொருந்தும் மவுண்டின் பித்தளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது மேல்.

கையில் எடுத்தவுடன் தெரிவது அதன் கனம். 1.3 கிலோ. பேட்டரியோடு நிக்கான் டி750 பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. வெளிக்கூடு உலோகம். ஜூம் வளையத்தின் ரப்பர் வரிகள் அகலமானவை, விரல் வியர்த்தாலும் வழுக்காதவை. 80-இலிருந்து 200 வரை திருப்பும்போது லென்ஸின் நீளம் மாறுவதில்லை. இது சிறிய செய்தி போலத் தோன்றினாலும், மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) வைத்து இரண்டரை மணி நேரம் படமெடுப்பவருக்குப் பெரிய வசதி. எடையின் மையம் இடம் மாறாததால் ஒவ்வொரு ஜூமுக்கும் கை தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியதில்லை. முன்வாய் 77 மிமீ என்பதால் தொழில்முறை லென்ஸ்கள் பலவற்றுக்கும் வாங்கிய ஃபில்டர்களே இதற்கும் பொருந்துகின்றன. ஒளி புகும் திறப்பை மாற்றும் அபெர்ச்சர் வளையம் இருப்பதால் எஃப்எம்2 போன்ற பழைய ஃபிலிம் கேமராவிலும் இதை முழுமையாகப் பயன்படுத்த முடியும். டிஜிட்டல் பாடியில் அந்த வளையத்தை 22-இல் வைத்துப் பூட்ட மறந்தால் கேமரா 'எஃப்ஈஈ' என்று காட்டி, படமெடுக்க மறுத்துவிடும். முதன்முதலில் மாட்டும் பலர் இதைப் பார்த்து லென்ஸ் பழுது என்று பதறுகிறார்கள். அது பழுதன்று, பூட்டு மட்டுமே.

இனி மோட்டார். இந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. கேமராவின் மவுண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய திருப்புளி முனை ஒன்று, லென்ஸின் பின்புறத்தில் உள்ள பள்ளத்தில் பொருந்தி, கண்ணாடிகளைச் சுழற்றி நகர்த்துகிறது. ஆகவே இதன் வேகம் கேமரா கொடுக்கும் வேகம். நிக்கான் கேமராக்களில் டி40, டி60 ஆகியவற்றிலும் டி3000, டி5000 வரிசைகளிலும் அந்த மோட்டார் கிடையாது. அவற்றில் இந்த லென்ஸ் கையால் மட்டுமே ஃபோகஸ் ஆகும். டி7000 வரிசை, டி300, டி610, டி700, டி750, டி850 போன்றவற்றில் மோட்டார் உண்டு. நான் டி7200-இலும் டி750-இலும் பயன்படுத்தியிருக்கிறேன். நண்பர் ஒருவரின் டி4-இல் ஒரு மாலை முழுவதும் மாட்டிப் பார்த்தேன். அன்றுதான் இந்த லென்ஸ் உண்மையில் எவ்வளவு விரைவானது என்பது எனக்குத் தெரிந்தது. டி7200-இல் தொலைவிலிருந்து அருகுக்கு வரும்போது ஒரு நொடி தயங்குவது போல் இருந்த அதே கண்ணாடிகள், டி4-இல் சட்டென்று வந்து நின்றன. ஃபோகஸ் தேடலை அருகு எல்லைக்குப் போகாமல் தடுக்கும் சுவிட்சை மேடை வேலையில் நான் எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் நடுத்தர பாடிகளிலும் வீண் அலைச்சல் பெருமளவு குறைகிறது.

வேகத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தந்தது ஓசை. திருப்புளி முனை சுழலும்போது பல்சக்கரங்கள் உரசும் 'கிர்ர்' என்ற ஒலி எழுகிறது. விளையாட்டுத் திடலிலோ திருமண மண்டபத்திலோ அது யார் காதிலும் விழாது. ஆனால் சபாவில், பதம் என்னும் அபிநயப் பாடல் ஒன்றில் பாடகர் குரலைத் தணித்து, மிருதங்கமும் அடங்கி, ஆடுபவர் கண்களால் மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் அது கேட்கும். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அன்று முதல் அபிநயப் பகுதிகளில் ஒரு முறை ஃபோகஸ் செய்து, ஆடுபவர் இடம் மாறாதவரை அதைத் தொடாமல், முகபாவம் கூடும் கணத்துக்காகக் காத்திருந்து எடுக்கப் பழகிக்கொண்டேன். இந்தக் கட்டுப்பாடு என் படங்களுக்கு நன்மையே செய்திருக்கிறது, என்றாலும் அது லென்ஸின் குறைதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

படத்தின் தரத்துக்கு வருகிறேன். நான் வழக்கமாக நிற்கும் இடம் மேடையிலிருந்து ஒன்பது மீட்டர் அளவில், பக்கவாட்டு வழியில். அங்கிருந்து முழுச்சட்ட கேமராவில் (35 மிமீ ஃபிலிம் அளவுக்கு உணரி கொண்டது) 80-இல் வைத்தால் ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வருகிறது. ஆடுபவர் மேடையின் குறுக்கே பாய்ந்து செல்வதைப் பிடிக்க அது போதும். 200-இல் வைத்துக் கேமராவை நெடுக்காகத் திருப்பினால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம் கிடைக்கிறது. அரைமண்டியில் அமர்ந்த உருவம் பாதச் சலங்கை முதல் தலைச்சாமான் வரை, மேலே ஒரு கை இடைவெளியோடு, அளவெடுத்துத் தைத்தாற்போல அதில் அடங்கும். இந்த இரண்டுக்கும் இடையே எங்கு நின்றாலும் அபெர்ச்சர் 2.8-லேயே இருக்கிறது என்பதுதான் இதன் முதன்மையான தகுதி. மலிவான டெலி ஜூம்கள் 200-ஐ நெருங்கும்போது 5.6-க்குச் சுருங்கி, வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகின்றன. மேடை விளக்கில் அந்த நான்கு மடங்கு வேறுபாடு என்பது, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200-இல் எடுக்க வேண்டிய படத்தை 12800-இல் எடுப்பதாகும். ஜதியை முடித்துவைக்கும் தீர்மான அடவுகளில் விரல்கள் உறைந்து நிற்க எனக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும். இந்த லென்ஸ் அதை ஐஎஸ்ஓ 3200-க்கும் 6400-க்கும் இடையில் தந்துவிடுகிறது.

2.8-இல் முழுவதும் திறந்து எடுத்தால் 80 முதல் 135 வரை நடுப்பகுதி நன்கு கூர்மையாக இருக்கிறது. கண் இமையின் மைக்கோடு, மூக்குத்தியின் கற்கள், உள்ளங்கையில் வைத்த அலத்தகச் சிவப்பின் விளிம்பு எல்லாம் பிரிந்து தெரிகின்றன. 200-இல் திறந்து எடுக்கும்போது மென்மையான ஒரு படலம் படர்கிறது. நுணுக்கம் இருக்கிறது, ஆனால் அதன் மேல் மெல்லிய மல்துணி போர்த்தியது போன்ற தோற்றம். அபெர்ச்சரை 4-க்குக் கொண்டுபோனால் அந்தப் படலம் விலகிவிடுகிறது. முழுச்சட்டத்தின் மூலைகள் 2.8-இல் சற்று இருண்டும் தளர்ந்தும் இருக்கும், 5.6-இல் சீராகும். மேடையின் மூலைகளில் பெரும்பாலும் கருந்திரைதான் இருக்கிறது என்பதால் எனக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. நிலக்காட்சி எடுப்பவருக்கு இருக்கலாம். பின்னணி மங்கும் விதத்தில் இந்த லென்ஸுக்கு என் மனத்தில் தனி இடம் உண்டு. ஒன்பது இதழ்கள் கொண்ட அபெர்ச்சர், பின்னாலிருக்கும் குத்துவிளக்குச் சுடர்களை முனை தெரியாத வட்டங்களாக்குகிறது. நட்டுவாங்கம் செய்பவரின் முகம் கரைந்தும் கரையாமலும் ஆடுபவரின் தோளுக்குப் பின்னால் நிற்கும் படங்கள் என் தொகுப்பில் பல உள்ளன. அவற்றை வேறொரு லென்ஸுக்காக மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

இந்த லென்ஸை வாங்க நினைப்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. அது பல ஆண்டுகளாகப் புகைப்படக்காரர்கள் பேசி வந்திருப்பது, தனி ஒரு உருப்படியின் பழுதன்று. 200-இல், முழுத் திறப்பில், மூன்று மீட்டருக்கும் குறைவான தொலைவில் ஆளை எடுக்கும்போது, ஃபோகஸ் நீங்கள் குறிவைத்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் போய் விழும். கண்ணுக்குக் குறிவைத்தால் காது கூர்மையாக வரும். கோளப் பிறழ்ச்சி இந்த வடிவமைப்பில் அருகுத் தொலைவில் முற்றிலும் சரிசெய்யப்படாமல் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கண்ணாடியின் விளிம்பு வழியே வரும் ஒளியும் நடுவே வரும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராதபோது, ஃபோகஸ் உணரி கணக்கிடும் இடமும் படம் பதியும் இடமும் வேறுபடுகின்றன. இரண்டு மீட்டர் தொலைவில், 200-இல், 2.8-இல் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே. அந்த ஆழத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகல் என்பது முழுப் படத்தையும் இழப்பது.

ஒரு மணப்பெண்ணை ஒப்பனை அறையில், சன்னலோர வெளிச்சத்தில், நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது எடுத்தேன். பதினெட்டுப் படங்கள். கேமராவின் சிறு திரையில் அனைத்தும் அழகாகத் தெரிந்தன. வீட்டில் பெரிய திரையில் திறந்தபோது பதினான்கில் கூந்தலில் வைத்த மல்லிகைச் சரம் இதழ் இதழாகக் கூர்மையாக இருந்தது, கண்கள் மங்கியிருந்தன. ஃபோகஸை இம்மியளவு முன்பின் நகர்த்தும் கேமராவின் ஃபைன் டியூன் வசதியைக் கொண்டு இதைத் திருத்தலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். டி750-இல் அந்த வசதி ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் ஏற்கிறது. இரண்டு மீட்டருக்குச் சரியாக வைத்தால் ஒன்பது மீட்டரில் மேடைப் படங்கள் முன்னால் விழுந்தன. மேடைக்குச் சரியாக வைத்தால் ஒப்பனை அறை மீண்டும் தவறியது. இறுதியில் எண்ணை மேடைக்கு ஏற்றபடி விட்டுவிட்டு, அருகில் எடுக்கும்போது 135-க்கு மேல் போகாமல், அபெர்ச்சரை 4-இல் வைப்பது என்று முடிவு செய்தேன். அதன் பிறகு தவறு நேர்வது அரிதாகிவிட்டது. பெரும்பாலும் அருகிலிருந்து முகப்படம் எடுப்பவர் இந்த லென்ஸை வாங்கக் கூடாது என்றே நான் கூறுவேன். அவருக்கு 85 மிமீ எஃப்/1.8 இதைவிடக் குறைந்த விலையில், கால் பங்கு எடையில், நல்ல பலன் தரும்.

நிறப்பிறழ்ச்சியும் உண்டு. ஜரிகை விளிம்பில் விளக்கு நேராகப் பட்டுத் தெறிக்கும் இடங்களில், ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் பகுதியில் ஊதாவும் பின்னால் இருக்கும் பகுதியில் பச்சையுமாக மெல்லிய கோடு ஓடும். நிறச் சிதறலைக் குறைக்கும் 'இடி' வகைக் கண்ணாடிகள் மூன்று இருந்தும் 2.8-இல் இதை முழுவதும் தவிர்க்க முடியவில்லை. படம் திருத்தும் மென்பொருளில் சில நொடிகளில் நீக்கிவிடலாம் என்பதால் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். மேடையின் பின்விளக்கு நேரடியாகச் சட்டத்துக்குள் வந்தால் மங்கிய ஒளிப்பொட்டுகள் தோன்றுவதும் உண்மை. அதற்கு லென்ஸின் முன்வாயில் மாட்டும் ஹூட் ஓரளவுதான் உதவும், ஓரடி தள்ளி நிற்பதே சரியான மருந்து.

விஆர் இல்லாமையைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நடனத்தில் அது எனக்குத் தேவைப்பட்டதே இல்லை, ஏனெனில் ஆடுபவரின் அசைவை நிறுத்தும் ஷட்டர் வேகமே என் கை நடுக்கத்தையும் நிறுத்திவிடுகிறது. கச்சேரி மேடையில்தான் அதன் அருமை தெரிகிறது. கண் மூடிப் பாடும் ஒருவரை நொடியில் 60-இல் ஒரு பங்கில் எடுக்கலாம், அவர் அசைய மாட்டார். ஆனால் இரண்டு கிலோவைத் தாங்கும் என் கை அசையும். மோனோபாட் இல்லாமல் 200-இல் நொடியில் 200-இல் ஒரு பங்குக்குக் கீழே நான் போவதில்லை. கச்சேரிகளும் மணமேடையும்தான் உங்கள் முதன்மையான வேலை என்றால், கூடுதல் பணம் சேர்த்து விஆர் உள்ள 70-200-ஐ வாங்குவது அறிவுடைமை. முதல் தலைமுறை 70-200 முழுச்சட்டத்தில் 200-இல் மூலைகளைத் தளரவிடும். என்றாலும் இருட்டில் அது காப்பாற்றும் படங்களின் எண்ணிக்கை அந்தக் குறையை ஈடுசெய்துவிடும்.

பறவைகளுக்கு இது போதாது. வேடந்தாங்கலில் கரையிலிருந்து பார்க்கையில், ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரைகள் 200-இல் வெள்ளைப் புள்ளிகளாகவே தெரிகின்றன. டி7200 போன்ற சிறு உணரி கேமராவில் மாட்டினால் 300-க்கு நிகரான நெருக்கம் வரும், அதுவும் தலைக்கு மேல் தாழப் பறந்து வரும் கூழைக்கடாவுக்குத்தான் உதவும். நெருக்கத்தைக் கூட்ட லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் நிக்கானின் டிசி-14இ வரிசை டெலிகன்வர்ட்டர்கள் இதில் மாட்டவே மாட்டா. பிற நிறுவனங்களின் 1.4 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் அபெர்ச்சர் 4 ஆகிவிடும், 200-இல் ஏற்கெனவே இருக்கும் அந்த மென்மையும் பெருகும். மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் பறவைகளை வானத்தோடும் மரங்களோடும் சேர்த்து எடுக்க மட்டும் இதை எடுத்துச் செல்கிறேன்.

இப்போது வாங்கும் முறை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் முதலில் வாங்கிய உருப்படி என் கையை விட்டே போனது. ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். விற்றவர் மவுண்டையும் வளையங்களையும் காட்டினார், இரண்டு படங்கள் எடுத்துக் காட்டினார். முன்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே தெரிந்த ஒரு வெண்மையை 'தூசு' என்றார், நானும் நம்பினேன். இரண்டு மாதம் கழித்து, விளக்குகள் எதிரே இருந்த ஒரு நிகழ்ச்சியில் படம் முழுவதும் பால் கலந்தது போல வெளுத்து வந்தது. வீட்டில் பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, நடுக்கண்ணாடிகளில் ஒன்றின் ஓரத்திலிருந்து சிலந்தி வலையைப் போல இழைகள் மையத்தை நோக்கி நகர்ந்திருந்தன. அது பூஞ்சை. கடைக்காரர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பழுது பார்ப்பவர் கழற்றித் துடைத்தார். ஆனால் பூஞ்சை, கண்ணாடியின் மேற்பூச்சை ஏற்கெனவே தின்றிருந்ததால் இழைகளின் தடம் அப்படியே நின்றது. மேலும், பதினோரு தொகுதிகளில் பதினாறு கண்ணாடிகள் கொண்ட ஒரு லென்ஸைப் பிரித்துச் சேர்க்கும்போது ஒரு கண்ணாடி இம்மியளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். எனக்கு அதுவும் நேர்ந்தது.

ஆகவே இரண்டாவது முறை, 2019-இல், 34,000 ரூபாய் கொடுத்து இப்போதுள்ளதை வாங்கியபோது ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அபெர்ச்சர் வளையத்தை 22-இல் வைத்து, பின்னாலுள்ள சிறு நெம்பை விரலால் தள்ளி இதழ்களை முழுதாகத் திறந்து, செல்பேசி டார்ச்சை ஒரு பக்கம் சாய்வாகப் பிடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் பூஞ்சையும் எண்ணெய்ப் படலமும் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓரிரு தூசித் துகள்களைக் கண்டு அஞ்ச வேண்டாம், இந்த வயதில் தூசி இல்லாத ஜூம் கிடையாது. நெம்பை விட்டவுடன் இதழ்கள் சோம்பாமல் சட்டென்று மூட வேண்டும். அடுத்து, ஏ-எம் வளையம். ஆட்டோவிலிருந்து கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு மாற்றும் அந்த வளையம் மட்டும் பிளாஸ்டிக். ஆண்டுகள் செல்லச் செல்ல அது விரிசல் விடுவது இந்த வடிவத்தில் பலரும் அறிந்த பலவீனம். விரிசல் விட்டால் மோட்டாரின் பிடிப்பு நழுவி, ஃபோகஸ் பாதியில் நின்றுவிடலாம். நகத்தால் அந்த வளையத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தால் விரிசல் தட்டுப்படும். திருகாணித் தலைகளில் கீறல் இருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

கடைசியாக, கையோடு கொண்டுபோயிருந்த நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் மடிப்பின்றி ஒட்டி, கேமராவை அதற்கு நேராக நிறுத்தி, 80-இலும் 200-இலும் 2.8-இல் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட்டேன். நான்கும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால் அது லென்ஸின் இயல்பு. மூன்று தெளிவாகவும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் உள்ளே ஏதோ சாய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்தாலும் வாங்கக் கூடாது. ஏஎஃப்-எஸ் 80-200 கிடைக்கிறதே, ஓசையில்லாமல் இயங்குமே என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். அதன் உள்மோட்டாருக்கு வயதாகிவிட்டது, பழுதானால் மாற்று மோட்டார் கிடைப்பது அரிது. திருப்புளியால் இயங்கும் இந்த லென்ஸில் பழுதாவதற்கு மோட்டாரே இல்லை என்பதை நான் ஒரு பெரிய ஆறுதலாகக் கருதுகிறேன்.

வாங்கிய பின் பாதுகாப்பது கடற்கரை ஊர்களில் தனி வேலை. லென்ஸோடு வரும் பழைய தோல்பையையும் துணிப்பையையும் வீட்டுக்கு வந்தவுடன் ஒதுக்கிவிட வேண்டும். அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பூஞ்சைக்கு உணவிடுகின்றன. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் மின்சார டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள், ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும், சிறு ஈரமானி ஒன்றையும் போட்டு வைத்தால் போதும். நான் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் வைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் பத்து நாட்களுக்கு ஒருமுறை பொட்டலங்களை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஈரத்தைப் போக்கித் திரும்பப் போடுவேன். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம், அரிசியின் மாவுத்தூள் வளையங்களின் இடுக்கில் புகுந்துவிடும்.

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்களுக்கு ஒரு செய்தி. நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் பாடியில் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இதை மாட்டலாம். அபெர்ச்சர் கேமராவிலிருந்தே இயங்கும், ஆனால் அந்த அடாப்டரில் திருப்புளி முனை இல்லாததால் ஆட்டோ ஃபோகஸ் இயங்காது. ஓடியாடும் குழந்தைகளையோ தில்லானாவின் வேகத்தையோ கையால் ஃபோகஸ் செய்து பிடிப்பது எல்லோராலும் ஆகாது. மறுபுறம், இசட்6 போன்ற பாடிகளில் உணரியே அசைந்து நடுக்கத்தைத் தணிக்கிறது. ஃபோகஸ் விழும் விளிம்பை வண்ணக்கோடிட்டுக் காட்டும் வசதியும், பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் உள்ளன. படம் பதியும் உணரியிலேயே நேராகப் பார்த்து ஃபோகஸ் செய்வதால் அருகுத் தொலைவில் பின்னால் விழும் சிக்கல் அங்கே எழுவதே இல்லை. ஒரு கச்சேரியில் இரவல் வாங்கிய இசட்6-இல் இதை மாட்டி, தம்புராவின் மேல் சாய்ந்திருந்த ஒரு மூதாட்டியின் விரல்களை 200-இல், 2.8-இல், நொடியில் 50-இல் ஒரு பங்கில் எடுத்தேன். நரம்பில் படிந்த விரல்நுனியின் ரேகைகள் வரை பதிந்திருந்தன. டி750-இல் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது.

ஆகவே, மோட்டார் உள்ள நிக்கான் டிஎஸ்எல்ஆர் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்து, மேடையையோ விளையாட்டுத் திடலையோ நான்கு மீட்டருக்கு அப்பாலிருந்து எடுப்பவராக நீங்கள் இருந்தால், புதிய 70-200-களுக்கு இலட்சக்கணக்கில் செலவிட வேண்டிய இடத்தில் அதன் சிறு பங்கைக் கொடுத்து இதை வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு சபாவின் இரண்டரை மணி நேரத்தை 1.3 கிலோ லென்ஸோடு நின்றுகொண்டே கடக்கும் தோள்வலிமையும் மோனோபாட் ஒன்றும் அதற்கு வேண்டும். பாடியையும் புதிதாக வாங்க வேண்டியிருப்பவர்கள் இந்த லென்ஸுக்காக ஒரு பழைய டிஎஸ்எல்ஆரைத் தேடிப் போக வேண்டாம். வாங்குவதானால் பகலில் போங்கள், கேமராவையும் டார்ச்சையும் ஒரு நாளிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள், திருப்பித் தர ஏழு நாள் அவகாசத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்.